வலியே இல்லாத பல்லுக்கு எதற்கு ரூட் கெனால்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். வயது 43. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார், நாலு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வலது பக்கம் கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். மூன்று மாதத்துக்கு முன்னால் அதில் ராத்திரி தூங்கவிடாத வலி. சூடான காபி பட்டால் உயிர் போகும், குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் கொஞ்சம் அடங்கும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் வாங்கி ஐந்து நாள் போட்டிருக்கிறார், வலி நின்றுவிட்டது. இப்போது அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் பரு போல ஒன்று கிளம்புகிறது, அவ்வப்போது உடைந்து வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது, ஆனால் வலி துளியும் இல்லை. ஒரு பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ரூட் கெனாலுக்கு (பல்லின் உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) 5,000, கேப்புக்கு (அந்தப் பல்லின் மேல் மாட்டும் உறை) 6,000, மூன்று தடவை வரவேண்டும் என்றாராம். இன்னொருவர் ஒரே சிட்டிங்கில் முடித்துத் தருகிறேன், 7,500, கேப் தனி என்றாராம். மாமியார் பிடுங்கிப் போட்டுவிடச் சொல்கிறார். பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள். ரூட் கெனால் செய்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. சர்க்கரை இருப்பவர்களுக்கு ரூட் கெனாலே செய்யக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொழுந்தனாருக்கு ரூட் கெனால் செய்த பல் இரண்டே வருடத்தில் உடைந்துபோனது. "யார் சொல்வதை நம்புவது? வலியே இல்லாத பல்லுக்கு எதற்கு 11,000 ரூபாய்? தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போடலாமா?" இதுதான் கடிதம்.

வணக்கம். உங்கள் வாயையும் எக்ஸ்ரேயையும் பார்க்காமல் நான் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் நோயாளிகள் கிடைப்பது அபூர்வம்; முக்கால்வாசிப் பேர் "ஒரு பக்கமா வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வலி ஏன் நின்றது

பல்லின் வெளியே தெரிவது கடினமான ஓடு. அதற்கு உள்ளே, நடுவில் ஒரு சின்ன அறையும், அதிலிருந்து வேர் நுனிவரை இறங்கும் மெல்லிய குழாய்களும் இருக்கின்றன. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் சேர்ந்த மென்மையான சதை இந்த இடத்தை நிறைத்திருக்கிறது. நாம் பொதுவாக 'நரம்பு' என்று சொல்வது இதைத்தான். சொத்தை இந்தச் சதையை எட்டியதும் அது வீங்கப் பார்க்கும், ஆனால் சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் உங்களை ராத்திரியில் எழுப்பி உட்கார வைத்த வலி. சூட்டில் ஏறி, குளிரில் அடங்குகிற கட்டம் வந்துவிட்டால் அந்தச் சதை ஏறக்குறைய கடைசி நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு அது செத்துப்போகிறது. செத்த நரம்புக்கு ஏது வலி? மாத்திரை போட்ட நேரமும் அது அடங்கிய நேரமும் ஒன்றாக அமைந்ததால் மாத்திரைதான் குணப்படுத்தியது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

வலி நின்றது உண்மை. நோய் நிற்கவில்லை, வேருக்குள் இறங்கிவிட்டது. ஈறில் கிளம்புகிற அந்தப் பருதான் சாட்சி. உள்ளே செத்துக் கிடக்கும் சதையில் கிருமிகள் பெருகி, வேர் நுனி வழியாக வெளியேறி, அங்கே தாடை எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. சேரும் சீழ் தனக்கு ஒரு வழி போட்டுக்கொண்டு ஈறில் வந்து உடைகிறது. வடிய வழி இருப்பதால் அழுத்தம் சேர்வதில்லை, அதனால் வலியும் இல்லை. என்றைக்காவது அந்த வழி அடைபட்டால், அன்று காலையில் கன்னம் வீங்கிப்போய் எழுந்திருப்பீர்கள்.

ஆன்டிபயாடிக் ஏன் இதைத் தீர்க்காது என்பதும் இதிலேயே இருக்கிறது. மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் போகவேண்டிய இடத்துக்குப் போகும். செத்த பல்லின் உட்புறத்தில் ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. முகம் வீங்கி, காய்ச்சலும் வந்து, தொற்று பரவுகிறது என்றால் ஆன்டிபயாடிக் தேவை, அதுவும் பல்லுக்கான சிகிச்சையோடு சேர்த்து. வெறும் பல்வலிக்குக் கடையில் அட்டையைக் கிழித்து வாங்கிப் போடுவதால் வலியும் தீராது, நாளைக்கு உண்மையில் தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகவும் வாய்ப்புண்டு. வீட்டில் மிச்சம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிடுங்குவதா, காப்பாற்றுவதா

மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பிடுங்கினாலும் தொற்று போய்விடும், செலவும் குறைவு. அவர் சொல்லாத பாதி என்னவென்றால், கீழ்க் கடைவாயில் இருக்கும் முதல் பெரிய பல் மென்று தின்பதில் பெரும்பாரத்தைத் தாங்குவது. (உங்களுக்கு அதுதானா என்பது சீட்டில் தெரியும், பற்களுக்கு நாங்கள் தரும் எண்களில் 46 என்று எழுதியிருந்தால் அதேதான்.) அது போனால் பின்னால் இருக்கும் பல் மெல்ல மெல்ல முன்பக்கம் சாயும், மேலே இருக்கும் ஜோடிப் பல் கடிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கத் தொடங்கும். இது மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் அந்த இடத்தை நிரப்பலாம் என்று வந்தால், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் செயற்கைப் பல்) போடுவதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பற்களைச் செதுக்க வேண்டும். இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) என்றால் ஒரு பல்லுக்கே பெரும்பாலும் 20,000 ரூபாயைத் தாண்டும், மாதக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆக, பிடுங்குவது மலிவு என்பது அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கிறவர்களுக்கு மட்டும்தான்.

அதற்காக எல்லாப் பல்லையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். இங்கேதான் நீங்கள் மருத்துவரிடம் கேட்கவேண்டிய உண்மையான கேள்வி இருக்கிறது, இரண்டு பேரிடமும் நீங்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "டாக்டர், சொத்தையை முழுசாகச் சுத்தம் செய்த பிறகு ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் மிஞ்சும்?" கேப் என்பது எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது உறுதியான பல் இருந்தால் அது பல வருடம் நிற்கும். சொத்தை ஈறுக்கு அடியில் ஆழமாகப் போயிருந்தாலோ, வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலோ, வேருக்குள் எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் மேலே கட்ட அஸ்திவாரம் இல்லை. அப்படிப்பட்ட பல்லுக்கு 11,000 செலவழிப்பது வீண், பிடுங்குவதே நேர்மையான ஆலோசனை. அதை முகத்துக்கு நேரே சொல்கிற மருத்துவரை நம்பலாம்.

கண் பார்வை விஷயம். கண்ணின் பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு, இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. தலைமுறை தலைமுறையாக மேல் வரிசைப் பற்களைப் பற்றித்தான் இந்தக் கதை சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது கீழ்ப் பல்லுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. நாற்பதைத் தாண்டியதும் பல் ஆடுவதும் சாலேசுரம் வருவதும் பலருக்கு அடுத்தடுத்து நடப்பதால் யாரோ முடிச்சுப் போட்டிருக்கலாம்.

நாற்காலியில் என்ன நடக்கும்

பயம்தான் பாதித் தடை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் பல்லைக் கண்ணாடியின் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள், குளிரூட்டிய பஞ்சை வைத்து உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் ஈறில் இருக்கும் ஓட்டைக்குள் மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றைச் செருகி எக்ஸ்ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்று அது கை காட்டும். வலிக்காது.

அடுத்து மரத்துப்போகும் ஊசி. கீழ்க் கடைவாய்க்கு அது வாயின் பின்பக்கத்தில் போடப்படும், பாதி உதடும் நாக்கும் கனத்துப்போகும். ஊசி போடும் அந்தச் சில விநாடிகள்தான் பொதுவாக இருப்பதிலேயே மோசமான கட்டம். ரூட் கெனால் என்றாலே நரக வேதனை என்ற பேச்சு பெரும்பாலும் சரியாக மரக்காத பல்லில் வேலை செய்ததால் வந்தது. கடும் வலியோடு வருகிற பல் மரக்கத் தகராறு பண்ணும் என்பது உண்மைதான், ஆனால் உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. உள்ளே வலிக்க எதுவும் மிச்சம் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். நடுவில் வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதற்கு யாரும் பரிசு கொடுக்கப் போவதில்லை.

பிறகு பல்லின் மேல் ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள், அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும். இது எச்சில் உள்ளே போகாமலும், ஊசி முனை போன்ற கருவிகள் உங்கள் தொண்டைக்குள் விழாமலும் காக்கிறது. சில இடங்களில் இதைத் தவிர்க்கிறார்கள். என்னைக் கேட்டால், புது மெஷின், லேசர் என்று விளம்பரம் செய்வதைவிட இந்த ரப்பர் விரிப்பைப் போடுகிறார்களா என்பதுதான் ஒரு கிளினிக்கை எடைபோட நல்ல அளவுகோல்.

மேலே ஓட்டை போட்டு உள்ளே இறங்கினால் கீழ்க் கடைவாயில் பொதுவாக மூன்று அல்லது நாலு குழாய்கள் இருக்கும். முதலில் இறங்கும் கம்பியின் முனை 0.1 மில்லிமீட்டர்தான். உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி வைத்திருப்பார்கள். கம்பி வேர் நுனியை நெருங்கும்போது அதோடு இணைந்த கருவி பீப் பீப் என்று கத்தும், அதை வைத்து நீளம் குறிப்பார்கள். கழுவுவதற்கு ஊற்றுவது துணி வெளுக்கும் பிளீச் வகையைச் சேர்ந்த திரவம், உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வாசனை புதிதல்ல. கம்பி தொடாத மூலை முடுக்கில் ஒட்டியிருக்கும் செத்த சதையைக் கரைப்பது இதுதான், அதனால் மருத்துவர் கழுவிக்கொண்டே இருந்தால் பொறுமையாக இருங்கள், காசுக்கான வேலை அங்கேதான் நடக்கிறது. சுத்தமானதும் குழாய்களை கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நுனிவரை அடைப்பார்கள்.

முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் நோவு இருக்கும், வலி மாத்திரைக்கு அடங்கும். மரப்பு விடும்வரை சாப்பிடாதீர்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுநாள் வருகிறவர்கள் நிறைய.

ஒரு சிட்டிங்கா மூன்றா, யார் ஏமாற்றுகிறார்கள்

யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். சீழ் வடியும் பல்லில் முதல் தடவை சுத்தம் செய்து, உள்ளே கால்சியம் மருந்து வைத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து அடைப்பது பலர் பின்பற்றும் முறை. ஒரே தடவையில் முடிப்பதும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான், நீண்டகாலப் பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஈறில் ஓட்டையோடு இருக்கும் பல் என்றால், பரு அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடைப்பதை நான் விரும்புவேன். அது என் கணக்கு, இன்னொருவர் கணக்கு வேறாக இருக்கலாம். பணத்தை ஒப்பிடும்போது மட்டும் மொத்தத்தை ஒப்பிடுங்கள். ஒருவர் கேப்போடு 11,000 சொல்கிறார், இன்னொருவர் கேப் இல்லாமல் 7,500 சொல்கிறார்.

மூன்று தடவை முறையில் ஒரே ஓர் ஆபத்து, அது நோயாளியால் வருவது. முதல் தடவையோடு வலி போய்விட்டது என்று தற்காலிக சிமென்ட்டோடு காணாமல் போவது. அந்த சிமென்ட் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. கசிந்து, எச்சில் இறங்கி, எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பணத்துக்கு இன்னும் சில வழிகள் உண்டு. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மேல்படிப்பு மாணவர்கள் ஆசிரியர் கண்காணிப்பில் செய்வார்கள், கட்டணம் பெரும்பாலும் குறைவு, நேரம் அதிகமாகும். அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் விசாரித்தால், கடைவாய்ப் பல்லுக்கும் செய்கிறார்களா, கேப்பும் அங்கேயே கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரம். எங்கே போனாலும் சில விஷயங்களைக் கூச்சப்படாமல் கேட்கலாம்: எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி விளக்கம் கேட்பது, அதன் நகலை போனில் வாங்கிக்கொள்வது, மொத்தச் செலவை எழுதித் தரச் சொல்வது, செய்கிறவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பார்ப்பது. பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ் படித்தவர் இதைச் செய்யலாம். குழாய் வளைந்தோ அடைபட்டோ இருந்தால், இதிலேயே மேல்படிப்பான எம்.டி.எஸ் முடித்தவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மெல்லிய கம்பி உள்ளே உடைந்து நின்றுவிடுவது கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கும். அது நடந்தால் உங்களிடம் சொல்லியாக வேண்டும், மறைப்பதுதான் தப்பு.

கொழுந்தனார் பல் ஏன் உடைந்தது

அவர் கேப் போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இல்லை என்பதாகத்தான் இருக்கும். ரூட் கெனால் செய்த பல்லில் சொத்தை தின்றது போக, உள்ளே இறங்குவதற்கு நாங்கள் தோண்டியது போக, சுவர்கள்தான் மிச்சம். கடைவாயில் அதன்மேல் முறுக்கையோ எலும்பையோ கடித்தால் விறகு பிளப்பது போல நெடுக்காகப் பிளக்கும், பிளவு வேருக்குள் இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கேப் அந்தச் சுவர்களைச் சுற்றிக் கட்டிப்போடுகிறது. ஆகவே கேப்பைத் தனி விற்பனையாகப் பார்க்காதீர்கள், கடைவாய்ப் பல்லுக்கு அது சிகிச்சையின் பின்பாதி. உலோகக் கேப் இருப்பதிலேயே மலிவு, பின்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை, நன்றாக உழைக்கும். பல் நிறத்தில் இருக்கும் பீங்கான் வகையான சிர்கோனியா கேப்புக்குப் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வாரண்டி அட்டை தருவார்கள். அந்த அட்டை கேப்புக்கு மட்டும்தான், அடியில் இருக்கும் பல்லுக்கு இல்லை.

இன்னொன்று, நரம்பு எடுத்த பல்லில் கேப் ஓரமாக மறுபடியும் சொத்தை வந்தால் உங்களுக்கு வலித்துத் தெரியாது. எச்சரிக்கை மணி கழற்றப்பட்ட பல் அது. ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே, வருடம் திரும்பும்போது ஒன்று எடுத்துப் பாருங்கள். கரைந்த எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓரிரு வருடம்கூட. நன்றாகச் செய்து கேப்பும் போட்ட பற்களில் பத்துக்கு ஒன்பது நிலைக்கும் என்று சொல்வது வழக்கம். வேர் நுனியில் ஏற்கெனவே சீழ் இருக்கும் உங்களுடையது போன்ற பல்லில் இது கொஞ்சம் குறையும். நூறு சதவீதம் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

வாட்ஸாப் வீடியோவுக்கு நூறு வயது ஆகிறது. 1920களில் அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர், ரூட் கெனால் செய்த பல்லை முயலின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்து, உடம்பில் வரும் பல நோய்களுக்கு இதுவே காரணம் என்று எழுதினார். அந்தச் சோதனைகள் ஒழுங்கான கட்டுப்பாடுகளோடு செய்யப்படவில்லை, பின்னால் கவனமாகச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. அதற்குள் அந்தப் பேச்சை நம்பி எத்தனையோ பேர் காப்பாற்றக்கூடிய பற்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். ரூட் கெனால் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. வாய்க்குள் மாதக் கணக்கில் சீழ் வடிய விட்டு வைத்திருப்பதுதான் உடம்புக்குக் கெடுதல்.

சர்க்கரையும் தீபாவளியும்

சர்க்கரை இருப்பவர்களுக்குச் செய்யக்கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தலைகீழ். தொற்று இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம், சர்க்கரை ஏறியிருந்தால் தொற்று ஆறுவது கஷ்டம். மூன்று மாத சராசரி எவ்வளவு என்று பரிசோதித்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள், என்னென்ன மாத்திரை என்பதையும் சொல்லுங்கள். காலை நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போய் நாற்காலியில் சர்க்கரை இறங்கி மயங்குவதுதான் உண்மையில் நாங்கள் பயப்படுவது.

தீபாவளிக்கு முன்னால் போனஸ் கணக்கு, ஆடிட் என்று உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று தெரிகிறது. ஒன்றிரண்டு வாரம் தள்ளினால் குடி முழுகிப்போகாது. ஆனால் முதல் சிட்டிங்கை மட்டுமாவது இப்போதே முடித்துக்கொண்டு, அடைப்பதையும் கேப்பையும் பண்டிகைக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது, மருத்துவரிடம் இடைவெளியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் இறங்கினால், வாய் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அது ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய், சர்க்கரை இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.